காணாமல் போன முதல் படி

அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் அவளை எல்லோரும் ஐஸம்மா என்றுதான் சொன்னார்கள். பெயரை முதலில் யார் வைத்தது என்று தெரியாது. வைத்த புண்ணியவான் வேறு வேலைக்குப் போயிருப்பான். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவள் லிஃப்டில் ஏறியதும் பேச்சு சட்டென்று நின்றுபோகிற விதத்திலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

அவளுடைய இடம் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஆள் உயரத்துக்கு ஒரு எஃகுப் பீப்பாய், அது நிறையத் திரவ ஹீலியம். ஹீலியத்துக்குள் நீளமான குழாய் ஒன்றின் நுனியில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சில்லு தொங்கும். அந்தச் சில்லை அளப்பதுதான் அவள் உத்தியோகம். குளிர் முழுக்கப் பீப்பாய்க்குள்தான். அறையோ பம்புகளின் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். பெயர் வைத்தவர்கள் ஒரே ஒரு நாள் உள்ளே வந்து நின்றிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள். யார் வந்தார்கள்?

சில்லில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவள் வாய் ஓயாமல் சொல்வாள். கேட்க ஆள் இல்லாததால் நாமே சொல்லிவிடுவோம். சில பொருள்களை மிக மிகக் குளிர வைத்தால் அவற்றில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்று பெயர். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே வேறொரு பொருளை மெல்லிசாக வைத்தால் அது ஒரு சந்தி. அந்தச் சந்தியில் மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால், மின்னழுத்தம் கொஞ்ச நேரம் சுழியத்திலேயே கிடந்துவிட்டுப் பிறகு சரிவாக ஏறும். அதில் ஒன்றும் விசேஷம் இல்லை. அதே சந்தியின்மேல் நுண்ணலைக் கதிரைப் பாய்ச்சினால்தான் வேடிக்கை. சரிவு மறைந்து படிக்கட்டு வந்துவிடும். கொத்தனார் கட்டிய படிக்கட்டு இல்லை. ஒவ்வொரு படியும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே உயரம். அலையின் அதிர்வெண்தான் அந்த உயரத்தைத் தீர்மானிக்கும். சந்தியைச் செய்தது யார், எதில் செய்தார்கள் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த வருஷம் அவளுக்கு வந்த சில்லில், சந்தியின் நடுவே ஒரு புது வகைப் பொருள் இருந்தது. நுண்ணலையைப் பாய்ச்சி அளந்தபோது, கிராஃபில் இரண்டாம் படி இருந்தது, மூன்றாம் படி இருந்தது, நான்கும் ஐந்தும் லட்சணமாக இருந்தன. முதல் படியை மட்டும் காணோம். மின்னழுத்தம் சுழியத்திலிருந்து ஒரே தாவலாகத் தாவி இரண்டாம் படியில் போய் உட்கார்ந்தது.

அவள் ஒரு தடவைக்கு நூறு தடவை சரிபார்த்தாள். பிறகு, அந்தப் பொருளைப் பற்றிப் பல வருஷங்களுக்கு முன் எழுதிய ஒருவருக்கு கிராஃபை அனுப்பிவைத்தாள். அவர் கோட்பாட்டு இயற்பியல்காரர். கருவிகளைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் இந்த வகையினரைக் காகிதக்காரர்கள் என்று கேலி செய்வதுண்டு. காகிதத்தில் கணக்குப் போடுவார்களே தவிர, ஒரு திருகாணியைக் கழற்றச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். இந்தப் பொருளுக்குள் இதுவரை யாரும் கண்டிராத ஒரு வினோதத் துகள் இருக்கலாம், இருந்தால் முதல் படி மறைந்துபோகும் என்று அவர் கணித்திருந்தார். அதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவருக்கு ஓய்வு பெறுகிற வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே போன் வந்தது.

"மேடம், நீங்க அனுப்பின படத்த இப்பத்தான் பார்த்தேன். நெசமாவே முதல் படி இல்லையா?"

"இல்ல சார்."

"நல்லா பார்த்தீங்களா?"

"கண்ணு பூத்துப்போற அளவுக்குப் பார்த்துட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரிய மனிதர் ஒருவர் சின்னப் பையனைப்போலச் சிரித்தால் எப்படி இருக்கும், அப்படி.

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். கொஞ்ச நாளில் அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு பால்கனிக்குப் போய் அவளுக்குத்தான் போன் போடுவார். முதலில் அன்றைய அளவுகள். பிறகு ஹீலியம் வரத்து. பிறகு, எப்படி எங்கே தாண்டிப் போகும் என்றே தெரியாது, அவருடைய முழங்கால் வலி, அவள் வீட்டுத் தெருவில் தோண்டிப்போட்ட பள்ளம், எந்தக் கடையில் பேனா நல்லதாகக் கிடைக்கும் என்றெல்லாம் பேச்சு வளரும்.

அவர் வீடு ஆட்கள் நிறைந்த வீடு. போன் வழியாகவே அவளுக்கு அந்த வீடு பழகிவிட்டது. யாரோ ஒரு குழந்தை எப்போதும் எதற்காவது அழும். மருமகள் யாரையோ விரட்டுவாள். "மோட்டாரை நிறுத்துங்க, தண்ணி வழியுது!" என்று ஒரு குரல் கத்தும். "ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டு அவரே எழுந்து போவார். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் போனைக் காதில் வைத்தபடி அந்த வீட்டின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் ஏன் இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்துவிடுகிறார் என்றுகூடச் சில நாள் தோன்றும்.

அவள் வீட்டில் சத்தம் என்று ஒன்று வேண்டுமானால் அவளேதான் உண்டாக்க வேண்டும். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கல்யாணப் பேச்சு ஒரு காலத்தில் வந்தது, போயிற்று, பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தங்கை வெளியூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள், தவறாமல் அவசரத்திலும் இருப்பாள். "அக்கா, சாப்ட்டியா? உடம்பு நல்லாருக்குல்ல? இரு, இவன் என்னமோ கேக்கறான், அப்புறம் பேசறேன்." அந்த அப்புறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வரும். தங்கை மேல் தப்பு இல்லை. குடும்பம் என்று இருந்தால் அப்படித்தான். இவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? தனிமை ஒரு நோய் என்றால் லீவு போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். இதற்கு அதுவும் முடியாது.

ஆக, முதல் படி காணாமல் போனதில் உலகத்துக்கு ஒரு கண்டுபிடிப்பு கிடைத்தது. அவளுக்குச் சாயங்காலம் கிடைத்தது. இரண்டில் எது பெரிது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மென்று விழுங்கியிருப்பாள்.

அவர் அந்த கிராஃபை நாலு பேருக்கு அனுப்பியதில் செய்தி பரவி, கட்டடத்திலும் காற்று திசை மாறியது. இயக்குநர் அடித்தளத்துக்கு வந்து பீப்பாயைச் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய விஷயம் நம்ம காலுக்குக் கீழ நடந்துட்டு இருக்கு, எனக்குத் தெரியவே தெரியாதே!" என்று தோளைக் குலுக்கிக்கொண்டார். கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியவரே அவர்தான். அதை அவரிடம் யார் சொல்வது? லிஃப்டில் இப்போது பேச்சு நிற்பதில்லை. அவளையும் சேர்த்துக்கொண்டு பேசினார்கள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது.

அளவெடுக்கும் புரோகிராமை எழுதியது அவளேதான். ஹீலியம் காற்றாய்க் கரைகிற சமாச்சாரம். ஒவ்வொரு நிமிஷமும் மிச்சம் பிடிக்க வேண்டும். அதனால் புரோகிராம் மின்னோட்டத்தை மெல்ல மெல்ல ஏற்றும்போது மட்டும் அளந்து எழுதிக்கொள்ளும். உச்சிக்குப் போனதும் மின்னோட்டத்தை ஒரே அடியாகச் சுழியத்துக்கு இறக்கிவிட்டு அடுத்த சுற்றை ஆரம்பிக்கும். இறங்குவதை எதற்கு அளக்க வேண்டும்? ஏறும்போது இருக்கிற படி இறங்கும்போது மட்டும் எங்கே போகும்? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவளும் எத்தனையோ வருஷமாக அப்படித்தான் செய்துவந்தாள்.

அன்று புரோகிராம் உச்சியில் போய் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மின்னோட்டத்தை உச்சியிலேயே விட்டால் சில்லு சூடாகிவிடும் என்று அவள் கருவியின் குமிழைக் கையால் பிடித்து மெதுவாகக் கீழே திருப்பினாள். கண் தானாக வோல்ட்மீட்டருக்குப் போயிற்று. எண்கள் படிப்படியாக இறங்கின. இரண்டாம் படிக்கும் கீழே வந்தன. சுழியத்துக்குப் போக வேண்டிய இடத்தில், போகவில்லை. நடுவில் ஓர் எண்ணில் நின்றன. அது எந்த எண் என்று அவளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

சட்டென்று குமிழைச் சுழியத்துக்குத் திருப்பிவிட்டாள்.

நடந்தது என்னவென்று அவளுக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. பழைய சாதாரணச் சந்திகளில் இது உண்டு. சுழியத்திலிருந்து புறப்படும்போது சந்தி ஒரு வேகத்தோடு பாய்ந்துவிடும். முதல் படியில் கால் வைக்காமலே தாண்டிப்போய் இரண்டாவதில் நிற்கும். இறங்கும்போது அந்தப் பாய்ச்சல் இல்லை, அதனால் முதல் படியில் நிதானமாக வந்து நிற்கும். இந்தப் புதுப் பொருளில் அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று சில்லைச் செய்து கொடுத்தவர்கள் உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். அவளும் நம்பினாள். அப்படியானால் வினோதத் துகளும் இல்லை, ஒன்றும் இல்லை. முதல் படி காணாமலே போகவில்லை. இவள்தான் அது இருக்கிற பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்குமுகமாக ஒரே ஒரு சுற்று அளந்தால் போதும். உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. ஆனால் அவளுக்குக் கை வரவில்லை. ஏதோ மின் இரைச்சல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒயர் சரியாகப் பொருந்தியிருக்காது என்றாள். கண் ஏமாற்றியிருக்கும் என்றாள். இத்தனை வருஷம் மற்றவர்களுடைய கட்டுரைகளில் யாராவது இப்படிச் சப்பைக்கட்டு கட்டினால் சிவப்புப் பேனாவால் கிழித்துப்போடுகிறவள், இப்போது தானே கட்டினாள், அதுவும் பலமாக.

அன்று சாயங்காலமும் போன் வந்தது. "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். கம்ப்யூட்டர் கொஞ்சம் தகராறு பண்ணிச்சு."

"என் மகன்கிட்ட கேட்டுச் சொல்லவா? இந்த மாதிரி விஷயம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. எனக்குத்தான் ஃபேன் சுவிட்ச் எது, லைட் சுவிட்ச் எதுன்னே இன்னும் பிடிபடல."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் கவனிக்கவில்லை, முழங்கால் வைத்தியரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இப்படியே வாரங்கள் ஓடின. புரோகிராமைச் சரிசெய்துவிட்டாள். மறுபடியும் ஏறுமுகமாக மட்டும் அளந்தாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் இன்றைக்கு ஒரு நாள் பேசிவிடலாம் என்று நினைத்தாள். படி திரும்பி வந்துவிட்டால் அவர் எதற்குக் கூப்பிடப்போகிறார்? முழங்கால் வலியைச் சொல்ல அவருக்கு வீடு நிறைய ஆள் இருக்கிறது.

ஒரு நாள் அவர் குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

"உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. வேற ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல ஒரு பொண்ணு. இப்பத்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கு. நம்ம கிராஃபைப் பார்த்துட்டு, எடுத்த தலைப்பையே மாத்திக்கிச்சாம். முதல் படி மறையறதைத்தான் ஆராயப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குதாம். மூணு நாலு வருஷ வேலை. அவங்க பேராசிரியர் எனக்கு எழுதியிருக்காரு."

"தனியாவா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"அந்தப் பொண்ணு தனியாவா வேலை செய்யுது?"

"இந்த வேலையெல்லாம் வேற எப்படிப் பண்றது? ஆளுக்கொரு பீப்பாய், ஆளுக்கொரு ரூம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியாததா! அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண் கண்முன்னாலேயே வந்து நின்றாள். எங்கோ ஓர் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், பம்புச் சத்தத்துக்கு நடுவே, இல்லாத ஒன்றைத் தேடி வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். வெளியே வயசு போய்க்கொண்டிருக்கும். லிஃப்டில் ஏறினால் பேச்சு நிற்கும். கடைசியில் கிடைக்காதபோது தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்வாள். தன் சாயங்காலப் பேச்சுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அத்தனை வருஷத்தைத் தின்பதா? அதை நினைத்ததும் ஐஸம்மாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மறுநாள் காலையில் பையைக்கூட இறக்கி வைக்காமல் புரோகிராமில் ஒரு வரியை மாற்றினாள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரிதான்.

நுண்ணலையைத் திறந்தாள். மின்னோட்டம் ஏறியது. சுழியம், பிறகு ஒரு பாய்ச்சல், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பியது. ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. திரையில் கோடு கீழே இறங்கி, சுழியத்துக்கும் இரண்டுக்கும் சரிபாதியில், மேஜைப் பலகைபோலத் தட்டையாக, நீளமாக ஓடியது. முதல் படி. கொஞ்சமும் வெட்கமில்லாமல் இருந்தது. அதற்கு என்ன வெட்கம்? அது எப்போதும் அங்கேதான் இருந்தது.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று திரும்பத் திரும்ப அளந்தாள். ஏறும்போது இல்லை, இறங்கும்போது உண்டு. நுண்ணலையின் அதிர்வெண்ணை உயர்த்திப் பார்த்தாள். படிகள் உயர்ந்தன, அப்போது ஏறும்போதேகூட முதல் படி தென்பட்டது. இனி யாரும் எதையும் பூசி மெழுக முடியாது. கிராஃபை எடுத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். பம்புச் சத்தத்தில் அவள் அழுதது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. எடுத்ததும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலுக்குப் போய்விடும் என்று தீர்மானித்திருந்தாள்.

"சார், முதல் படி இருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"இருக்கு சார். இறங்கும்போது அளந்து பார்த்தேன். ஏறும்போது தாண்டிப் போயிடுது. அவ்வளவுதான். துகள் எல்லாம் ஒண்ணும் இல்ல."

கிராஃபை அனுப்பினாள். அவர் அதைத் திறந்து பார்க்கிற வரைக்கும் காத்திருந்தாள். பின்னால் குழந்தை அழுதது. யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை என்பதைப் பார்க்காமலே அவளால் பார்க்க முடிந்தது.

"ஆமா" என்றார் கடைசியில். "இருக்கு." ஒரே நாளில் பத்து வயசு கூடிப்போன குரல். "இது எப்பத் தெரிஞ்சுது? இன்னிக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்?

"அளந்தது இன்னிக்கு. சந்தேகம் வந்து மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமாவா? அப்புறம் ஏன் அன்னிக்கே அளக்கல? நான் இதுக்குள்ள எத்தன பேருகிட்ட சொல்லிட்டேன் தெரியுமா? அந்தப் பொண்ணு வேற..."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா? உங்களப் போய் நான் இப்படி நினைக்கவே இல்லையே. பேரு கெட்டுடும்னு பயந்தீங்களா?"

"பேருக்காக இல்ல சார்." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "படி இருக்குன்னு தெரிஞ்சா நீங்க போன் பண்ண மாட்டீங்கன்னுதான். எனக்கு வேற யாரும் இப்படித் தினம் கூப்பிட்டுப் பேசறதில்ல."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு காது இரண்டும் சுட்டன. நாற்பத்தேழு வயசில் இப்படி ஒரு வார்த்தையை ஓர் அந்நிய மனிதரிடம் சொல்ல நேரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அவர் பால்கனிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் பொய் சொல்ல மாட்டேன் மேடம்" என்றார் பிறகு, மெதுவாக. "எனக்கு அந்தப் படிதான் பெருசா இருந்துச்சு. அதுக்காகத்தான் கூப்பிட்டேன். நீங்க இப்படி நினைச்சுக்கிட்டு இருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல சார். கேட்டதுக்கு நான் சொன்னேன், நீங்களும் உள்ளதைச் சொன்னீங்க."

"வெச்சுடட்டுமா?"

"சரி சார்."

அவர் நேர்மையான மனிதர். அன்றைக்கே உட்கார்ந்து, தாம் சொல்லிவைத்த அத்தனை பேருக்கும் எழுதினார். முதல் படி மறையவில்லை, தவறு அளந்த முறையில், அதைக் கண்டுபிடித்ததும் அளந்தவரேதான் என்று எழுதி, புதிய கிராஃபையும் சேர்த்து அனுப்பினார். மூன்று வாரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பெண் பழைய தலைப்புக்கே திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. அதைப் படித்தபோது மட்டும் அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "தன் தப்பைத் தானே சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்றார். அவருடைய பார்வை பேசும்போதே கடிகாரத்துக்குப் போய்விட்டது. அடித்தளத்துக்கு அவர் மறுபடி வரவில்லை. ஹீலியம் தீர்ந்தது. அடுத்த சில்லு வரும்வரை நிரப்ப வேண்டாம் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். அவள் பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். எல்லாம் நின்றபோது அந்த அறைக்கு இவ்வளவு அமைதி உண்டு என்று முதல் தடவையாகத் தெரிந்தது. பீப்பாய் மெதுவாக அறைச் சூட்டுக்கு வந்துகொண்டிருந்தது. குழாயை வெளியே எடுத்தபோது அதன் மேல் பூத்த பனி சொட்டுச் சொட்டாக உருகித் தரையை நனைத்தது. துணி போட்டுத் துடைத்தாள். லிஃப்டில் பேச்சு மறுபடி நிற்க ஆரம்பித்தது.

சாயங்காலங்கள்தான் பெரும்பாடாக இருந்தன. பகலில் வேலை என்று எதையாவது தூக்கிப்போட்டு ஓட்டிவிடலாம். அந்த நேரம் வந்ததும் கை தன்னையறியாமல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அவள் அதற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டாள். ஒரு நாள் போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்த் திறந்தாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கோபமும் ஒரு துணைதானே. ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டு, "என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். இவள் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் அங்கே யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம், அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர்தான். மடித்த துணி கலைந்து விழுந்தது.

"மேடம், நான்தான்."

"சொல்லுங்க சார்."

"ஒண்ணு கேக்கலாம்னு. ஹீலியம் இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஹீலியம் தீர்ந்துபோச்சே சார். பீப்பாயே காலியா கிடக்கு. உங்களுக்கும் எழுதியிருந்தேனே."

"ஆமா, எழுதியிருந்தீங்க. பார்த்தேன்."

குழந்தை அழுதது. யாரோ மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். அவர் போகவில்லை.

"சில்லு?"

"அதைச் செஞ்சு கொடுத்தவங்களுக்கே திருப்பி அனுப்பியாச்சு."

"சரி சரி" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வேற என்ன?"

வேற என்ன என்று கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. போனை வைக்கப் போகிறவர்கள் ஒரு வகை. வைக்க மனம் வராதவர்கள் இன்னொரு வகை. அவர் எந்த வகை என்று அவளுக்குத் தெரியவில்லை. இரக்கப்பட்டுக் கூப்பிட்டாரோ என்னவோ. இருக்கட்டும் என்று நினைத்தாள். சொல்ல வேண்டியது எதுவும் கையில் இல்லை. அளவு இல்லை, கிராஃப் இல்லை, படி இல்லை. சமையலறையில் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"எங்க வீட்டு சமையலறைக் குழாய் ஒழுகுது சார்" என்றாள். "நாலஞ்சு நாளா. எவ்வளவு இறுக்கினாலும் நிக்க மாட்டேங்குது."

சொன்ன பிறகுதான், வினோதத் துகளைப் பற்றிக் கணக்குப் போடுகிற மனிதரிடம் போய்க் குழாயைப் பற்றிச் சொன்னோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வாஷர் போயிருக்கும்" என்றார் அவர். சொன்ன வேகத்தைப் பார்த்தால் தமக்கே அது தெரிந்திருந்ததில் அவருக்கு ஆச்சரியம் போலிருந்தது. "இருங்க, சைஸ் கேட்டுச் சொல்றேன்." போனை விலக்கி வீட்டுக்குள் சத்தமாகக் கேட்டார். "டேய், சமையலறைக் குழாய்க்கு எந்த சைஸ் வாஷர்டா போடுவாங்க?"

"யாருக்குப்பா?" என்று உள்ளேயிருந்து மகனின் குரல் வந்தது.

கூட வேலை செய்கிறவர் என்று சொல்வதற்கு இப்போது வேலை ஒன்றும் இல்லை. அவள் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சவங்களுக்குடா" என்றார்.